ராகுகாலத்துக்கு முந்திய படகு

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை போர்ட் கிள்ளான் படகுத்துறையில் இருந்தவர்கள்: பரமசிவம், என் மகளைத் தன் மகனுக்குக் கேட்டிருப்பவர். அவர் மனைவி சரோஜா, குடையும் பிளாஸ்க்குமாக. அவர்கள் மகன் தினேஷ், அலையைப் பார்த்தாலே குமட்டும் என்பதால் கடலுக்கு முதுகு காட்டிக்கொண்டு. என் மகள் மலர், எனக்குத் தைரியம் சொல்லிவிட்டுத் தன் நகத்தைக் கடித்தபடி. படகுப் போட்டி நடத்துகிற லிம் அங்கிள், கையில் ஊதுகுழலோடு. எதிராளி பாக் ஹம்சாவும் அவர் தம்பியும். இன்னும் மூன்று படகுகளின் ஆறு பேர். மீன் தலைக்காகக் காத்திருந்த ஒரு பூனை. கடைசியாக நான், ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு.

எனக்கு நீச்சல் தெரியாது. நான் சிவகாசிக்காரன். எங்கள் தெருவுக்குத் தண்ணீரே லாரியில்தான் வரும். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் காலண்டர் அச்சகத்தில் தாள் அடுக்கப் போனவன், இன்று தினசரி காலண்டருக்கு ஆர்டர் பிடிக்கும் ஏஜென்ட். நல்ல நேரம் கெட்ட நேரம் பார்ப்பது தொழில். கவலைப்படுவது கூடவே ஒட்டிக்கொண்ட உபதொழில்.

அப்படிப்பட்டவன் எப்படிக் கடலுக்குள் போய் இரண்டே பேர் உட்காரும் பாய்மரப் படகில் உட்கார்ந்தேன் என்றால், எல்லாம் ஒரு கல்யாணத் தேதிக்காக.

மலர் கோலாலம்பூரில், பங்சாரில் ஓர் அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறாள். அங்கேயே வேலை செய்யும் தினேஷைப் பிடித்திருக்கிறது என்றாள். இரண்டு வீட்டிலும் சரி என்று சொல்லியாயிற்று. தேதி மட்டும் பாக்கி. ஆனி மாதக் கடைசி. ஆடி பிறந்துவிட்டால் நாங்கள் கல்யாணப் பேச்சையே எடுக்க மாட்டோம். அதற்குள் நேரில் போய் ஆவணியில் ஒரு நாள் குறித்து, வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டு வந்துவிட வேண்டும். மனைவி ராஜாத்திக்கு முட்டிவலி. விமானத்தில் காலை மடக்கி உட்கார முடியாது. எனவே நான் மட்டும்.

கிளம்பவேண்டிய நாள் அவ்வளவு நல்ல நாளில்லை. அதனால் முந்தைய நாளே நல்ல நேரத்தில் என் பையை எதிர்வீட்டில் வைத்துப் பரஸ்தானம் செய்துகொண்டேன். பை முறைப்படி பயணம் கிளம்பிவிட்டது, நான் பின்னால் போய்ச் சேர்ந்துகொள்கிறேன் என்று கணக்கு. மறுநாள் எதிர்வீட்டுக்காரர் வீட்டைப் பூட்டிக்கொண்டு திருச்செந்தூர் போய்விட்டார். பாஸ்போர்ட் பைக்குள் இருந்தது. சுவர் ஏறிக் குதித்த கதையை விட்டுவிடுகிறேன்.

விமான நிலையத்துக்குப் பரமசிவமே வந்திருந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். கறுத்து, வற்றி, முறுக்கேறிய ஆள். வணக்கம் சொன்னார். என்னை மேலும் கீழும் பார்த்தார். அவர் கேட்ட முதல் கேள்வி இது:

“அண்ணே, எவ்ளோ கிலோ இருப்பீங்க?”

“எண்பத்தெட்டுங்க.”

“நல்லது லா,” என்றார், அந்த ஊர்க்காரர்கள் பேச்சுக்கு வால் வைக்கிற ‘லா’வோடு. முகத்தில் உண்மையான சந்தோஷம்.

கிள்ளான் போகும் வழியெல்லாம் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். பெண் வீட்டில் சர்க்கரை வியாதி உண்டா என்று சுற்றி வளைத்துக் கேட்கிறாரோ? இன்னொன்றும் உறுத்தியது. எங்கள் பக்கம் சம்மதம் சொன்ன அன்றிலிருந்தே ‘சம்பந்தி’ என்றுதான் கூப்பிடுவோம். இவர் ‘அண்ணே’ என்கிறார். பெட்ரோல் பங்கில் நின்றவரையும் ‘அண்ணே’ என்றுதான் கூப்பிட்டார்.

வீட்டுக்குப் போனதும் நான் கொண்டுபோன காலண்டரைக் கொடுத்தேன். எங்கள் அச்சகத்தின் முதல்தரம், தங்க விளிம்பு போட்ட முருகன் படம். சமையலறைச் சுவரில் ஏற்கெனவே அந்த ஊர்க் காலண்டர் ஒன்று தொங்கியது. தாள் மெலிசு, மை பரவியிருந்தது. அடுத்தவன் சரக்கை அதற்கு மேல் நான் பார்ப்பதில்லை. அதே ஆணியில் அதன் மேலேயே என்னுடையதை மாட்டிவிட்டேன். பக்கத்தில் கடல் ஏற்ற இறக்க அட்டவணை ஒன்று ஒட்டியிருந்தது. “எனக்கு அதான் பஞ்சாங்கம்,” என்றார் பரமசிவம்.

செவ்வாய்க்கிழமை வழக்கம்போல் ஐந்தரைக்கு விழித்தேன். ஆறு மணிக்கும் இருட்டு. ஆறரைக்கும் இருட்டு. கைக்கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தேன். சரோஜா விளக்கைப் போட்டுக்கொண்டு வந்தார்.

“இங்க ஏழு மணிக்கு மேலதான்ணே வெளிச்சம் வரும். படுங்க.”

சோம்பேறிச் சூரியன் என்று நினைத்துக்கொண்டேன். அதோடு விட்டது என் தப்பு. சரோஜா சமையலறைக்குப் போய் என் காலண்டரைத் தூக்கி, அடியில் எதையோ பார்த்துவிட்டு விட்டார். மறுநாளும் அப்படியே செய்தார். அட்டையின் கனத்தைப் பார்த்து வியக்கிறார் என்று எனக்குப் பெருமை.

புதன்கிழமைதான் வினை. மதியம் பன்னிரண்டரை இருக்கும். படகுக்குச் சாயம் பூசிய கையோடு பரமசிவம் உள்ளே வந்தார்.

“சரோ, வா. அண்ணே, உக்காருங்க. தேதி பேசிடுவோம் லா.”

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். புதன் பன்னிரண்டு முதல் ஒன்றரை ராகுகாலம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் பெண்ணைக் கொடுக்கப் போகிற வீட்டில் உட்கார்ந்து ‘இப்போது நேரம் சரியில்லை’ என்று வாயால் சொன்னால், அதையே அபசகுனமாக எடுத்துக்கொண்டால்?

“வயிறு சரியில்லைங்க,” என்று குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டேன். வெளியே அவர்கள் முணுமுணுப்பது கேட்டது. அங்கிருந்த ஷாம்பு பாட்டிலின் பின்பக்கத்தை மூன்று மொழியிலும் எழுத்துக்கூட்டிப் பார்த்தேன். ஒன்றரை தாண்டியதும் முகம் கழுவி, திருநீறு வைத்து, வந்து உட்கார்ந்து தொண்டையைச் செருமினேன்.

“அந்தத் தேதி விஷயம்...”

சரோஜா துள்ளி எழுந்தார். “ஐயோ அண்ணே, அடுப்புல கறி கொதிக்குது.”

“படகுப் பாய் வெயில்ல கிடக்கு. மடிச்சு வச்சிட்டு வரேன்,” என்று பரமசிவமும் வாசலுக்குப் போய்விட்டார்.

நான் எட்டிப் பார்த்தேன். அடுப்பு அணைந்திருந்தது.

அன்று ராஜாத்தி போன் பண்ணினாள். “ஏங்க, தேதி கேட்டீங்களா?”

“கேட்டேன்.”

“என்ன சொன்னாங்க?”

“அடுப்பு அணைஞ்சிருக்கு,” என்றேன். அவளுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தமாதிரி இருந்தது. இவர்களுக்கு மனசில்லை.

வியாழக்கிழமை மலர் என்னைப் பிரிக்ஃபீல்ட்ஸ் வரச்சொல்லி, வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு அழைத்துப் போனாள். நம் ஊரில் இலையில் சோறு வந்தபிறகுதான் குழம்பு. இங்கே மீன்குழம்பா, நண்டுக் குழம்பா, கோழிக் குழம்பா என்று கேட்டு, மூன்றையும் ஒரே சோற்றில் ஊற்றிவிட்டார்கள். பாகற்காயை அப்பளம் மாதிரி பொரித்து வைத்தார்கள். ருசியாகத்தான் இருந்தது. கவலையிலும் மூன்று தடவை சோறு வாங்கினேன்.

“அங்கிளுக்கு இப்ப தலையில வேற எதுவும் ஏறாதுப்பா,” என்றாள் மலர். “சீசன் முடியப்போகுது. ஞாயித்துக்கிழமை கடைசி ரேஸ். அதான்.”

“பாய்க்கப்பல் போட்டியா பெரிசு, பையன் கல்யாணமா பெரிசு?”

“அத அவர்கிட்ட கேட்டுடாதீங்க. பதில் எனக்கே தெரியாது.”

அவளுக்கு அலுவலகம் இருந்ததால் திரும்பும்போது நான் தனியாக ரயிலேறினேன். நல்ல குளிர்ச்சி. நல்ல இருக்கை. கண்ணயர்ந்து விழித்தால் வெளியே கிள்ளானைப் போல எதுவும் இல்லை. இறங்கி மேடையில் நின்ற தமிழ்க் காவலாளியைக் கேட்டேன்.

“பாஸ், இது செர்டாங். அந்தப் பக்கம் ஸ்ரீ கெம்பாங்கான். நீங்க வேற லைன்ல ஏறிட்டீங்க லா.”

என் முகம் போன போக்கைப் பார்த்து அவரே தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தார். தூக்கி ஆற்றிய, நுரை கட்டிய தேநீர். அந்தப் பரிவில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான்.

“பாய் கட்டியா ஓட்டுறாரு? ஏன் பாஸ், இஞ்சின் வாங்கக் காசு இல்லையா அவங்ககிட்ட?”

வரும்போது இல்லாத புதுக் கவலை ஒன்றையும் ஏற்றிக்கொண்டு கிள்ளான் வந்து சேர்ந்தேன்.

சனிக்கிழமை காலை, என் எடையைக் கேட்டதன் காரணம் தெரிந்தது. பரமசிவத்தோடு வழக்கமாகப் படகில் வருபவருக்குக் குடலிறக்க ஆபரேஷன் ஆகியிருந்தது. டிங்கி என்று அவர்கள் சொல்லும் அந்தச் சின்னப் படகில் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெரிய பாயையும் சுக்கானையும் பார்ப்பார். மற்றவர் முன்பாயின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, காற்று ஒரு பக்கம் சாய்த்தால் மறுபக்க விளிம்பில் உட்கார்ந்து சமன் செய்ய வேண்டும்.

“நீங்க ஒன்னும் பண்ண வேணாம்ணே. கனமா இருந்தாப் போதும்.”

“எனக்கு நீச்சல் தெரியாதுங்க.”

“நானும் கிரேன்ல ஏறுறப்ப பறக்கத் தெரியாமத்தான் ஏறினேன்.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “ஹம்சாவும் நானும் பாயிண்ட்ல சமம். நாளைக்கு யாரு முன்னால வரோமோ அவங்களுக்குக் கப்பு. ஆறு சீசனா கைக்கு வந்து வந்து நழுவுது. இத முடிச்சிட்டு நிம்மதியா உக்காந்து தேதி பேசுவோம்.”

இதற்குப் பிறகு எப்படி மாட்டேன் என்பது? இரண்டு கட்டளை சொல்லிக் கொடுத்தார். ‘இழு’ என்றால் கயிற்றை இழுக்க வேண்டும். ‘குனி’ என்றால் பெரிய பாயின் அடிக்கட்டை தலைக்கு மேல் வீசும், குனிய வேண்டும். முதல் கட்டளை சீக்கிரம் வந்துவிட்டது. இரண்டாவதற்கு மூன்று புடைப்பு ஆனது.

“எத்தனை மணிக்குக் கிளம்புறோம்?” என்றேன், ஐஸ்கட்டியைத் தலையில் ஒற்றிக்கொண்டே.

“நாலரைக்கு.”

ஞாயிறு நாலரை. நாலரை முதல் ஆறு ராகுகாலம். இரண்டு குடும்பமும் சேர்ந்து முதன்முதலாகத் தொடங்கும் காரியம், ராகுகாலம் பிறக்கிற அந்த நொடியில். வேண்டுமென்று தேடினாலும் இப்படி ஒரு நேரம் கிடைக்காது.

ஞாயிறு துறைக்கு வந்ததும் நேராக லிம் அங்கிளிடம் போனேன். கால் மணி முன்னால் விட முடியுமா என்று மலரை விட்டுக் கேட்டேன். அவர் கையை நீட்டிக் காட்டினார். தண்ணீர் இருக்க வேண்டிய இடத்தில் பளபளவென்று சேறு. அதன் மேல் நண்டுகள் ஓடின.

“நாலரைக்குத்தான் போதுமான தண்ணி ஏறுமாம்,” என்றாள் மலர். “சேத்துல ரேஸ் விடணும்னா நண்டுதான் ஜெயிக்குமாம்.”

நாலு மணிக்கே என் துண்டைப் படகுக்குள் போட்டு ஒரு பரஸ்தானம் வைத்தேன். ஆனால் மனசு ஒப்பவில்லை. துண்டு வைத்த படகே இன்னும் கிளம்பவில்லையே.

தண்ணீர் ஏறியது. ஐந்து படகும் மிதந்தன. லிம் அங்கிளின் மேடைக்கும் தூரத்தில் மிதந்த ஆரஞ்சுப் பந்துக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு. ஊதுகுழல் ஊதும்வரை அதற்கு இந்தப் பக்கமே சுற்றிச் சுற்றி வர வேண்டும். பந்தயக் குதிரைகளைப் பூட்டிய மாதிரி எல்லாரும் முட்டி மோதிக்கொண்டிருந்தார்கள்.

“இருங்கண்ணே... இழுக்காதீங்க... நான் சொல்ற வரைக்கும் இழுக்காதீங்க,” என்றார் பரமசிவம். அவர் கண் ஹம்சாவின் மேலேயே இருந்தது.

என் கண் கடிகாரத்தில். நாலு இருபத்தொன்பது தாண்டிவிட்டது. ராகு பிறக்க இன்னும் சில நொடி. கோடு படகின் மூக்குக்கு நேரே இருந்தது. இப்போது தாண்டினால் நல்ல நேரத்தில் தொடங்கியதாகிவிடும். ஊதுவதா, அது அவர்கள் சம்பிரதாயம். அவர்கள் ஊதிக்கொள்ளட்டும்.

முருகா என்று கயிற்றை இழுத்தேன்.

படகு குதித்தது. கோட்டைத் தாண்டி ஒரு படகு நீளம் போனபிறகுதான் ஊதுகுழல் ஊதியது. உடனே இன்னொரு முறையும் ஊதியது. லிம் அங்கிள் ஒரு கொடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தமிழில் கத்தினார். துறைமுகத் தொழிலாளர்களோடு பழகிய அவருக்குத் தமிழில் வசவு மட்டும்தான் தெரியும் என்பது எனக்கு அப்போது தெரியாது. நம் மொழியில் உற்சாகப்படுத்துகிறாரே என்று நெகிழ்ந்துவிட்டேன்.

வருஷக்கணக்கான கிரேன் இரைச்சலில் பரமசிவத்துக்கு இடது காது மந்தம். ஊதின பிறகுதான் இழுத்தேன் என்று நினைத்துக்கொண்டார். “என்னாண்ணே சத்தம்?”

“நம்மளப் பாராட்டுறாங்க.”

“அப்பேர்ப்பட்ட ஸ்டார்ட்டு லா,” என்றார் அவர். நான் பார்த்து அவர் முதல் தடவை பல் தெரியச் சிரித்தார்.

அந்த ஒரு மணி நேரத்தை என் வாழ்க்கையில் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. தூரத்தில் ஏழு மாடி உயரத்துக்குப் பெட்டி அடுக்கிய கப்பல் ஒன்று எங்களைப் பார்த்து முக்காரமிட்டது. உப்புத் தண்ணீர் இரண்டு ஜாக்கெட்டுக்குள்ளும் புகுந்தது. விளிம்பில் உட்கார்ந்து முதுகைக் கடலுக்கு மேலே சாய்த்து, “இன்னும் சாய்ங்கண்ணே, இன்னும்” என்றவருக்கு எண்பத்தெட்டு கிலோவையும் வஞ்சகமில்லாமல் கொடுத்தேன். கவலைப்பட நேரமே கிடைக்கவில்லை. ஹம்சா பக்கத்தில் வந்தார். முந்தினார். சுற்றித் திரும்பவேண்டிய கடைசி மிதவைப் பந்தில் நாங்கள் அவரை முந்தினோம். முதலாவதாக வந்து சேர்ந்தோம்.

ஒரு சத்தமும் இல்லை.

முதல் படகுக்கு ஊதுவார்கள் என்று சொல்லியிருந்தார்கள். லிம் அங்கிள் ஊதுகுழலை மடியில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தார். எங்கள் பின்னால் ஹம்சா வந்தார். ஊதினார்.

பரமசிவம் மெல்லத் திரும்பினார். “நாம கோட்டத் தாண்டுறப்ப ஊதிட்டாங்களா?”

“இல்லைங்க,” என்றேன் பெருமையாக. “ராகுகாலம் தொடுறதுக்குள்ள நான் இழுத்துட்டேன்ல. நாலு இருபத்தொம்போதுக்கே நாம கிளம்பிட்டோம்.”

அந்த இரண்டாவது ஊதலுக்கும் கொடிக்கும் அர்த்தம், முன்னால் தாண்டியவர்கள் திரும்பிப் போய் மறுபடி தொடங்க வேண்டும் என்பதாம். திரும்பாவிட்டால் அந்த ஓட்டம் கணக்கிலேயே இல்லையாம். இதை அவர் எனக்கு விளக்கிச் சொல்லவில்லை. பாயை இறக்கினார். கயிற்றைச் சுருட்டினார். கரையில் மலர் என் முகத்தைப் பார்க்காமல் துண்டை நீட்டினாள்.

அவர்களிடையே ஒரு வழக்கம் உண்டு. கோட்டை முந்தித் தாண்டி, திரும்பாமல் ஓட்டியவர் அன்று எல்லாருக்கும் சாப்பாடு வாங்கித் தர வேண்டும். மீன்தலைக் கறிக் கடையில் நீள மேசை போட்டார்கள். நான் ஓரமாக உட்கார்ந்தேன். ஹம்சா தான் ஜெயித்த கப்பில் ஐஸ் தேநீர் ஊற்றிச் சுற்றுக்கு விட்டார்.

“பரமசிவம், இத்தனை வருஷமா நீ லேட்டா கிளம்பித் தோற்பாய். இந்த வருஷம் முன்னேறிவிட்டாய், சீக்கிரம் கிளம்பித் தோற்றிருக்கிறாய்,” என்று அவர் மலாயில் சொன்னதாக தினேஷ் எனக்கு மொழிபெயர்த்தான். பரமசிவம் சிரிக்கவில்லை. கப்பு அவரிடம் வந்தபோது குடிக்காமல் அடுத்தவருக்குத் தள்ளினார்.

பொறுக்க முடியாமல் எழுந்தேன். “தப்பு என் மேலதாங்க. நாலரைக்கு ராகுகாலம். உங்களோட சேந்து தொடங்குற முதல் காரியம், அதுல போய்... பிள்ளைங்க வாழ்க்கைன்னு பயந்துட்டேன்.”

சரோஜா சோற்றிலிருந்து கையை எடுத்தார்.

“என்னாண்ணே சொல்றீங்க? ஞாயித்துக்கிழமை இங்க ராகுகாலம் ஆறு மணிக்குல்ல ஆரம்பிக்கும்? சூரியனே ஏழு மணிக்கு மேலதான வருது. அதுக்கேத்த மாதிரிதான ராகுவும் வரும்.”

மேசையே சுற்றியது. முப்பது வருஷமாக அச்சடித்துக் கொடுக்கிறேன், ராகுகாலம் சூரியோதயத்திலிருந்து கணக்கு என்று தெரியாதவனா? எங்கள் ஊரில் ஆறு மணிக்கு உதிக்கிறவனை அப்படியே பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

“அப்ப புதன்கிழமை?” என்றேன்.

“புதன்கிழமை ஒன்னேகாலுக்கு மேலதான்ணே. அதான் ஒங்க காலண்டரைத் தூக்கி அடியில இருந்த எங்க காலண்டரைப் பாத்துக்கிட்டே இருந்தேன். பன்னெண்டரைக்கு நல்ல நேரம்னு இவரைப் படகுலேர்ந்து வரச் சொல்லியிருந்தேன். நீங்க குளியலறைக்குள்ள போயிட்டீங்க. சரியா ராகுகாலத்துல வந்து உக்காந்து தேதின்னீங்க. வாயால எப்படிச் சொல்றது? அடுப்புன்னு சொல்லி எந்திரிச்சேன்.”

“அந்த அடுப்பு அணைஞ்சிருந்துச்சு.”

“பாத்துட்டீங்களா?” என்று தலையைக் குனிந்துகொண்டார்.

பரமசிவம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “நான் என்னா நெனச்சேன் தெரியுமா? ஒங்களுக்கு எங்களைப் பிடிக்கலன்னு. தேதின்னதும் ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கிட்டீங்களே. சீசன் முடியட்டும்னு நான் இழுத்ததே அதுக்குத்தான். படகுல ஏத்தி ஒக்கார வச்சா ஓட முடியாதுல்ல.”

முதலில் சிரித்தது மலர். பிறகு தினேஷ். என்ன விஷயம் என்று புரியாமலேயே லிம் அங்கிளும் சிரித்து, தமக்குத் தெரிந்த தமிழில் ஏதோ சொன்னார். சரோஜா காதைப் பொத்திக்கொண்டார். பரமசிவம் கை நீட்டிக் கப்பைத் திரும்ப வாங்கி ஒரு மடக்குக் குடித்துவிட்டு என்னிடம் கொடுத்தார்.

மறுநாள் திங்கள். ஆணியிலிருந்து இரண்டு காலண்டரையும் கழற்றி மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். இரண்டு ஊர் ராகுகாலமும் இரண்டு ஊர் எமகண்டமும் கழியட்டும் என்று காத்திருந்து, மதியம் ஒன்றரைக்கு மேல் உட்கார்ந்தோம்.

“இப்படிப் பாத்தா பொழுது விடிஞ்சா அடைஞ்சா பேசவே நேரம் இல்ல லா,” என்றார் பரமசிவம், பசியோடு. கடல் அட்டவணையையும் கொண்டுவந்து மூன்றாவதாக வைத்தார். ஆவணியில் ஒரு ஞாயிறு மூன்றுக்கும் ஒத்து வந்தது. என் காலண்டரில் முகூர்த்தம். அவர்கள் காலண்டரிலும் முகூர்த்தம். அட்டவணைப்படி அன்று காலை தண்ணீர் வற்றிக் கிடக்கும், படகு இறக்க முடியாது. வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டோம். ராஜாத்திக்குப் போன் போட்டேன். இந்த முறை அடுப்பைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

செவ்வாய் விமானம். ஞாயிறு இரவு மீன்தலைக் கடையில் என்னிடம் பணம் போதாமல் பரமசிவம்தான் கட்டியிருந்தார். கயிற்றை இழுத்தவன் நான், கட்டவேண்டியவனும் நானே என்று பிடிவாதமாகச் சொன்னேன். ஊருக்குப் போனதும் மலர் மூலமாகப் பேங்க்கில் போட்டுவிடுகிறேன் என்றேன். பயணிகள் உள்ளே போகும் வாசலில் நின்று அவர் என் பையைத் தோளில் மாட்டிவிட்டார்.

“பேங்க்ல எல்லாம் போடாதீங்க சம்பந்தி. கல்யாணத்தன்னிக்கு கையில கொண்டாந்து குடுங்க. அப்பதான் வருவீங்கன்னு எனக்கும் நிம்மதி.”

எனவே நான் அவருக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி அப்படியே நிற்கிறது: நானூற்றுத் தொண்ணூற்றிரண்டு ரிங்கிட், அறுபது சென்.